எக்ஸ்பெதியாருக்கு வந்த பார்சல்

ஆவி, அருள்வாக்கு, தரிசனம் என்று யாராவது பேச்செடுத்தால் உடனே கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்குவது என் வழக்கம். நான் துடைத்து முடிப்பதற்குள் சொல்பவருக்கே சலித்துவிடும். வாழ்நாளெல்லாம் கல்லூரியில் பிரெஞ்சு கற்பித்தவன் நான். ஒரு சொல்லைக் கண்டால் அதன் மூலத்தைத் தேடுவதும், ஒரு கதையைக் கேட்டால் அதற்குச் சான்று கேட்பதும் என் தொழில். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவேன், நற்கருணை வாங்குவேன், அதற்கு மேல் பரலோகத்தோடு எனக்குக் கொடுக்கல் வாங்கல் இருந்ததில்லை. எனவே இதைப் படிக்கும் நீங்கள் நடுவில் உங்கள் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினால் நான் வருத்தப்பட மாட்டேன். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

என் மனைவி செலின் இறந்த ஆண்டின் ஐப்பசியில், மழை பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில் நடந்தது இது. அதைச் சொல்வதற்கு முன், காரைக்காலில் எங்கள் வீட்டில் எங்களோடு வாழ்ந்த மூன்றாவது ஆளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அவர் பெயர் எக்ஸ்பெதி. புனிதர். உயரம் ஒரு முழம். செலின் வீட்டார் நேஷனாலிட்டிக் குடும்பம், அதாவது பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள். அவளுடைய முன்னோர் ஒருவர் கரும்புத் தோட்ட வேலைக்காக இந்தியப் பெருங்கடலில் பிரெஞ்சுக்காரர்களின் ரெயூனியோன் தீவுக்குக் கப்பலேறிப் போய், திரும்பி வரும்போது கையோடு கொண்டுவந்த சுரூபம் அது. அந்தத் தீவில் இன்றும் சாலையோரங்களில் சிவப்புச் சாயம் பூசிய சிறு குடில்களில் இவரை வைத்திருக்கிறார்கள். நம் ஊரிலிருந்து போனவர்களின் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் சாதி மதம் பாராமல் சிவப்புத் துணி சாத்துகிறார்கள். இங்கே நம் பக்கத்தில் அவரைத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. செலின் என் வீட்டுக்கு வந்தபோது பீரோ, கட்டில், பாத்திரங்களோடு அவரும் சீராக வந்து சேர்ந்தார்.

உரோமைப் படைவீரன் உடை, மீசை அரும்பாத இளம் முகம். ஒரு கையில் சிலுவை. அதில் இலத்தீனில் 'இன்று' என்று எழுதியிருக்கும். காலடியில் ஒரு காக்கை. அதன் அலகிலிருந்து புறப்படும் நாடாவில் 'நாளை' என்று எழுதியிருக்கும். அவர் மனந்திரும்ப முடிவெடுத்த அன்று சாத்தான் காக்கை உருவில் வந்து 'கிராஸ், கிராஸ்' என்று கத்தியதாம். இலத்தீனில் கிராஸ் என்றால் நாளை. அதை மிதித்துக் கொன்றுவிட்டு 'இன்றே' என்றாராம். அதனால் தாமதம் பொறுக்காத காரியங்களுக்கெல்லாம் அவர் பாதுகாவலர்.

அவர் உண்மையில் இருந்தாரா என்பதே சந்தேகம். உரோமையிலிருந்து பாரீசின் கன்னியர் மடம் ஒன்றுக்குப் பெயர் தெரியாத புனிதர் ஒருவரின் எலும்புகள் பெட்டியில் வந்தன. பெட்டியின் மேல் 'விரைந்து அனுப்பப்பட்டது' என்ற பொருளில் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தது. கன்னியர் அதையே புனிதரின் பெயராக எடுத்துக்கொண்டு செபிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. அதுவும் யாரோ வேடிக்கைக்காகக் கட்டியது என்பவர்களும் உண்டு. எப்படியிருந்தாலும் வகுப்பிலும் விருந்திலும் நான் ரசித்துச் சொல்லும் கதை அது. சொல்லும்போதெல்லாம் செலின் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

அவளுக்கு எல்லாம் அவர்தான். கேஸ் சிலிண்டர் வரவில்லை, வேலைக்காரி வரவில்லை, பிரான்சிலிருந்து பென்ஷன் காகிதம் வரவில்லை என்று எதுவானாலும் அவரிடம் ஒரு வார்த்தை. அன்றைக்கே நடந்துவிட்டதென்றால் அன்றைக்கே ஒரு முழம் பூ. கீழவாஞ்சூர்த் துறைமுகத்திலிருந்து காற்றில் வரும் நிலக்கரித் தூசு சன்னல்களிலெல்லாம் படியும். அவள் முதலில் துடைப்பது அவர் முகத்தைத்தான், ஈரத்துணியால், மெதுவாக, கண் இமையோரம் வரை.

"என்ன சொல்றாரு உன் இஸ்பேட் ராஜா?" என்று கேட்பேன்.

"நாளைக்குப் பாப்போம், நாளைக்குப் பாப்போம்னு கத்துறாரே ஒருத்தரு, அவரக் கொஞ்சம் பாத்துக்கம்மாங்கிறாரு. காலுக்குக் கீழ கெடக்குதே காக்கா, அது நீங்கதான்."

"அவருக்கு வயசு ஏறவே மாட்டேங்குது. சந்தேகமா இருக்கு."

"ஒங்களவிட அழகா இருக்காருன்னு பொறாம. வேறென்ன."

அவள் விளையாட்டாகச் சொன்னாள். நானும் விளையாட்டாகச் சிரித்தேன். சுதைச் சுரூபத்தைப் பார்த்துப் பொறாமைப்படுவது படித்தவனுக்குப் பொருந்தாது என்பதால் அதற்கு மேல் அந்தச் சொல்லை நான் ஆராயவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஒரு வீட்டில் இரண்டே பேர் இருக்கும்போது, அவர்களில் ஒருத்தி தினமும் காலையில் முதல் வார்த்தையை வேறொருவரிடம் பேசுகிறாள் என்பது சிறிய விஷயமல்ல என்று மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

செலின் நோயுற்று, கடைசியில் புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் நெடுநாள் கிடந்தாள். தலையணைக்கு அடியில் அவருடைய சிறிய படம் இருந்தது. கடைசி நாள் காலையில் அவள் கண்ணைத் திறக்காமல், "இன்னிக்கே" என்றாள். தெளிவாகக் கேட்டது. என்னிடம் சொல்லவில்லை, என்னிடம் பேசும்போது அவள் குரல் வேறு மாதிரி இருக்கும். நான் வராந்தாவுக்கு வந்து, வாழ்க்கையில் முதல்முறையாக அந்தப் புனிதரிடம் வேண்டினேன். நாளை வரை விட்டுவைக்கும்படி கேட்டேன். காக்கையின் சொல்லைக் கொண்டு அவரிடம் வேண்டியிருக்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது. அன்று மாலை அவள் போய்விட்டாள். நாங்கள் இருவர் கேட்டோம். அவர் ஒருத்திக்குக் கொடுத்தார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு செலினின் தங்கை பெர்னதெத் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள். கோட்டுச்சேரியில் குடியிருப்பவள், வாய் ஓயாதவள், ஆனால் அன்று சொல்லை அளந்து பேசினாள்.

"அத்தான், கோவப்படாதீங்க. அக்கா வேண்டிக்கிட்டது நடந்துருச்சு. துணி இன்னும் சாத்தல."

"என்ன வேண்டிக்கிட்டா?"

"ஒங்ககிட்ட சொல்லலயா?"

"சொல்லல."

அவள் முந்தானையை முறுக்கினாள். "இழுத்துக்கிட்டுக் கெடக்கக் கூடாது, ஒருத்தருக்கும் பாரமா இருக்கக் கூடாது, கூப்புட்ட அன்னைக்கே வந்து கூட்டிட்டுப் போயிரணும்னு. நடந்தா சிவப்பு சாத்துறேன்னு நேந்துக்கிட்டா. அவ இல்ல, இனி வீட்டு ஆளு நீங்கதான் சாத்தணும். அது நேத்திக்கடன் அத்தான், விட்டுறக் கூடாது."

"எம் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போனவனுக்கு நானே பொன்னாட போத்தணுமா, பெர்னதெத்?"

"சாமிய அவன் இவன்ங்காதீங்க அத்தான்!"

சாத்த மாட்டேன் என்றேன். சாத்தவில்லை. கோட்டுச்சேரியிலிருந்து பஸ் ஏறி அவள் வரும்போதெல்லாம் கேட்டாள். ஒவ்வொரு முறையும் அதே பதிலைச் சொன்னேன். ஊர்ப் பழக்கத்தை மறுக்கும் பகுத்தறிவாகத்தான் அவளுக்கு அது தெரிந்திருக்கும். உண்மை வேறு. துணி சாத்தினால் நன்றி சொன்னதாகிவிடும். செலின் என்னைக் கேட்காமல் அவரைக் கேட்டாள், அவர் என்னைக் கேட்காமல் கொடுத்தார். இருவருக்கும் இடையில் முடிந்த காரியத்துக்கு நான் போய் நன்றி சொல்வதா? சுரூபத்தின் மேல் கரித்தூசு படிந்தது. நான் துடைக்கவில்லை.

இனி அந்தப் பிற்பகல். சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தேன். கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. மழைதானே என்று இருந்துவிட்டேன். மறுபடியும் தட்டினார்கள். எழுந்து திறந்தேன். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்ட, கூரியர்க்காரர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். முப்பது வயதிருக்கும். வடக்கே பூவத்திலிருந்து தெற்கே கீழவாஞ்சூர் வரை அவர்தான் பைக்கில் சுற்றுகிறார் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"எக்ஸ்பிரஸ் பார்சல் சார். எவ்வளவு நாளா எங்க கெடந்துச்சோ, இன்னிக்குத்தான் மூட்டைல வந்துச்சு. எக்ஸ்பிரஸ்னு எழுதியிருக்கேன்னு மொதல்ல எடுத்துட்டு வந்துட்டேன். பேருதான் எங்க இருக்குன்னே தெரியல."

வாங்கிப் பார்த்தேன். செலினின் கையெழுத்து. பிரெஞ்சில் எழுதியிருந்தாள். முதல் வரியில் எக்ஸ்பெதி என்ற ஒரே சொல். அதற்குக் கீழே ஷே என்று போட்டு என் பெயர், எங்கள் முகவரி. ஷே என்றால் இன்னாருடைய வீட்டில் என்று பொருள். என் வீட்டில் குடியிருக்கும் எக்ஸ்பெதிக்கு அனுப்பியிருந்தாள். அனுப்புபவர் என்ற இடத்தில் அவள் பெயரும் அவளுடைய செல் நம்பரும்.

கன்னியர் பார்சலின் மேலிருந்த அவசரச் சொல்லைப் புனிதரின் பெயராகப் படித்தார்கள் என்று சொல்லிச் சிரித்தவன் நான். என் வாசலில் ஒருவர் புனிதரின் பெயரை அவசரச் சொல்லாகப் படித்துவிட்டு நின்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"எப்படி இந்த வீடுன்னு கண்டுபுடிச்சீங்க?" என்று கேட்டேன். மழையில் முகவரியின் பாதி அழிந்திருந்தது.

"அனுப்புனவங்களுக்குப் போன் போட்டேன் சார். அம்மா எடுத்தாங்க."

"எந்த அம்மா?"

"இதோ பேரு போட்டிருக்கே, செலின்னு. தெரு அடையாளமெல்லாம் அவங்கதான் சொன்னாங்க. சார் உள்ளதான் இருப்பாங்க, மழ பேஞ்சா வெளிய கால வைக்க மாட்டாங்க, மொதத் தடவ தட்டுனா எந்திரிக்க மாட்டாங்க, ரெண்டாந்தடவயும் தட்டுங்கன்னாங்க." அவர் சிரித்தார். "நல்லா சிரிச்சுப் பேசுறாங்க சார் அம்மா. மழைல நனையாதீங்க தம்பின்னாங்க. எங்களையெல்லாம் யாரு அப்படிக் கேக்குறா."

கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அவளுடைய போன் பீரோவில் அவளுடைய புடவைகளுக்கு நடுவில் இருந்தது. எடுத்தேன். உயிர் இல்லை, அவள் போன நாளிலிருந்து சார்ஜ் போட்டதில்லை. பட்டனை அழுத்திப் பார்த்தேன், திரை கறுப்பாகவே இருந்தது.

உடனே பெர்னதெத்தைக் கூப்பிட்டுக் கோபமாகக் கேட்டேன், இது என்ன விளையாட்டு என்று. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்தப் பார்சல் அத்தான்? அக்கா நம்பரு ஒங்ககிட்டதானே இருக்கு?" என்றாள். சிறிது நேரத்தில் மழையோடு மழையாக பஸ் பிடித்து வந்துவிட்டாள்.

அவள் முன்னால்தான் பிரித்தேன். உள்ளே சிவப்புத் துணி. ஒரு முழ உயரச் சுரூபத்துக்கு அளவாக வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, கழுத்தில் முடிச்சிட இரண்டு நாடா வைத்திருந்தது. பெர்னதெத் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு அழத் தொடங்கினாள். செலின் இடது கைக்காரி. அவளுடைய தையல் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருக்கும்.

பார்சலுக்கு விளக்கம் இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். உறையில் புதுச்சேரியில் பதிவு செய்த முத்திரை இருந்தது, அவள் உயிரோடிருந்தபோது போட்டது. படுக்கையில் இருந்தபடியே தைத்து, நர்ஸ் யாரிடமாவது கொடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறாள். அது எங்கோ ஒரு கிடங்கில் சிக்கி, மாதக் கணக்கில் கிடந்து வந்து சேர்ந்தது. தாமதம் பொறுக்காத புனிதருக்கு அனுப்பியது இவ்வளவு தாமதமாக வந்ததை அவளே கேட்டிருந்தால் சிரித்திருப்பாள். ஆனால் நான் அந்தக் கட்டிலின் பக்கத்திலேயே இருந்தேன். ஊசியையோ சிவப்புத் துணியையோ ஒருநாளும் பார்த்ததில்லை. நான் கான்டீனுக்குப் போன நேரங்களிலும் நாற்காலியில் கண்ணயர்ந்த நேரங்களிலும் தைத்திருக்கிறாள். நான் விழிக்கும்போது தலையணைக்கு அடியில் தள்ளியிருக்கிறாள்.

துணியை உதறினேன். உறையைக் கிழித்து விரித்தேன். எனக்கென்று ஒரு வரிகூட இல்லை.

"நான் சாத்துறேன் அத்தான், நீங்க சும்மா இருங்க" என்றாள் பெர்னதெத், மூக்கை உறிஞ்சியபடி. "அக்காவே அனுப்பிட்டா. இனிமே ஒங்க தயவு வேணாம்."

கடைசி வாக்கியத்தை அவள் கேலியாகச் சொன்னாளா, வெறுமே சொன்னாளா என்று தெரியவில்லை. எப்படியிருந்தாலும் அது உண்மை. நான் மறுத்துக்கொண்டிருந்த காரியம் என்னைத் தாண்டிப் போய்விட்டது. என் நன்றியை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. எதிர்பார்க்காமல்தான் செலின் முன்கூட்டியே தைத்து அனுப்பியிருக்கிறாள்.

"குடு" என்றேன்.

"நீங்களா?"

"அவ தச்சத வேற யாரும் தொட வேணாம்."

ஈரத்துணி கொண்டு முதலில் தூசைத் துடைத்தேன், அவள் துடைப்பது போலவே, இமையோரம் வரை. பிறகு துணியைத் தோளில் போர்த்தி நாடாவைக் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்தேன். முடிச்சிடும்போது விரல்கள் ஒரு கணம் நின்றன. இறுக்கிவிடலாமா என்று தோன்றியது. சுதைக் கழுத்து, உடைந்திருக்கும். பெர்னதெத் என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தளர்வாக ஒரு முடிச்சுப் போட்டேன். அளவு கச்சிதமாக இருந்தது. எனக்கு அவள் தைத்த சட்டை எதுவும் அவ்வளவு கச்சிதமாக அமைந்ததில்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். விட முடியவில்லை. நேர்த்திக்கடன் தீர்ந்தது, ஆனால் செலின் ஒரு கூரியர்க்காரரிடம் பேசினாள், என்னிடம் பேசவில்லை என்பது தீரவில்லை. நம்பர் வேறு யாருக்காவது போயிருக்கலாம், எவளோ ஒருத்தி எடுத்திருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீங்களும் இப்போது அதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். அந்த எவளோ ஒருத்திக்கு நான் முதல் தட்டுக்கு எழுந்திருக்க மாட்டேன் என்று எப்படித் தெரியும்?

சில நாள் கழித்து அந்த மனிதரைக் கடைத்தெரு டீக்கடையில் பார்த்தேன். மழை விட்டிருந்தது. வலியப் போய்ப் பேசி, ஒரு டீ வாங்கிக் கொடுத்து, அன்று அம்மா வேறு ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன். என்னைப் பற்றி என்று கேட்க நா எழவில்லை.

"வேற என்ன சார். இன்னும் பேசியிருப்பாங்க, பக்கத்துல இருந்தவரு கூப்புட்டாரு, வச்சிட்டாங்க."

"பக்கத்துல இருந்தவரா?"

"ஆம்பளக் கொரலு சார். 'போதும் செலின், வா'ன்னாரு. இந்தா வர்றேன்னு சிரிச்சுக்கிட்டே கட் பண்ணிட்டாங்க. மொதல்ல சாருதான் அதுன்னு நெனச்சேன். ஆனா சாரு வீட்டுல தனியால்ல இருந்தீங்க. அது எளங்கொரலு. மகனா சார்?"

டீ கிளாசைக் கீழே வைத்தேன்.

"இல்ல. அவங்க வீட்டு வழி ஆளு" என்றேன்.

"அதான பாத்தேன்" என்றார் அவர். பிறகு என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, தன் போனை எடுத்தார். "நம்பரு இதுல இருக்கும் சார். போட்டுப் பாக்கவா? பேசுறீங்களா?"

வேண்டாம் என்று அவசரமாகச் சொல்லிவிட்டேன். பயம் என்று நீங்கள் நினைக்கலாம். அவர் போட்டு, அவள் எடுத்துவிட்டால் என்ன செய்வது? அவள் அவருக்கு எடுப்பதை நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியிருக்கும்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன். பீரோவிலிருந்து அவளுடைய போனை எடுத்து மேசையில் என் முன்னால் வைத்தேன். முன்பு போலவே இருண்டு கிடந்தது. என் போனிலிருந்து அவள் நம்பரை அழுத்தினேன். அவள் இறந்த பிறகு எத்தனையோ முறை அழுத்தியிருக்கிறேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சுவிட்ச் ஆஃப் செய்யப்பட்டுள்ளது என்று பதிவுக் குரல் சொல்லும், வைத்துவிடுவேன். அன்று அந்தக் குரல் அதைச் சொல்லவில்லை. இன்றுவரையில் அதன் பிறகு ஒருமுறைகூட அதைச் சொல்லவில்லை. காலையில் அழைத்தாலும் மாலையில் அழைத்தாலும் ஒரே வாக்கியம்தான்.

"நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தற்போது வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார்."

ஒருவர் என்ற சொல் ஆணையும் குறிக்கும், பெண்ணையும் குறிக்கும். மொழி படித்தவன், எனக்கு அது தெரியும். ஆனால் அந்தச் சந்தேகம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.